வவுச்சரில் வந்த பணமும் பதிவில் இருந்த சம்பளமும்

நமக்கு என்னென்ன வரவேண்டும் என்ற கேள்வி பெரும்பாலும் வேலையை விடும் வாரத்தில்தான் வருகிறது. அதற்கு முன்பே கேட்டு வைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும்போது டைம் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும், கேட்டால் ஏதாவது ஒரு தாளைக் காட்டுவார்கள். வெளியே வந்துவிட்டால் வாட்ச்மேனைத் தாண்டிப் போவதே கஷ்டம்.

கோயம்புத்தூரில் கணபதி பக்கம் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் 2012 முதல் 2022 வரை வேலை பார்த்தேன். ஹெல்ப்பராகச் சேர்ந்து, லேத் கற்றுக்கொண்டு, கடைசியில் சி.என்.சி. ஆபரேட்டர். எனக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் அங்கே நடந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். இதே மாதிரி நடக்கும் பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு.

முதலில் சம்பளம். மாதம் கையில் வருவது ஒரு தொகை, பதிவில் இருப்பது வேறு தொகை. எங்கள் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி, தனிப்படி என்று ஐந்தாறு வரி இருக்கும். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துப் பையில் வைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் பி.எஃப்., பணிக்கொடை (வேலையை விடும்போது சேவைக் காலத்துக்குக் கிடைக்கும் கிராஜுவிட்டி), போனஸ் மூன்றுக்கும் அடிப்படையாக இருந்தவை முதல் இரண்டு வரிகள்தான். அந்த இரண்டையும் சிறிதாக வைத்து மிச்சத்தைப் படிகளாகப் பிரித்துக் கொடுத்தால் கம்பெனிக்கு ஒவ்வொரு மாதமும் லாபம். தொழிலாளிக்கு அந்த நஷ்டம் உடனே தெரியாது, பத்து வருடம் கழித்து மொத்தமாகத் தெரியும். எல்லோருக்கும் பொதுவாக, தவறாமல் கொடுக்கும் படிகளையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் பல இடங்களில் பழைய பிரிப்பு மாறவில்லை.

அதைவிட மோசம் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை. அப்போது இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டியிருந்தது. எங்களுக்கு ஒற்றைச் சம்பளம்தான் கிடைத்தது. அதுவும் சீட்டில் வராது. சனிக்கிழமை மாலை ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் பணம் கொடுப்பார்கள். கையில் காசு வந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அந்த வவுச்சர் எதையெல்லாம் பறித்தது என்பது பிரஸ் செக்‌ஷனில் ஒரு தம்பிக்கு அடிபட்டபோதுதான் முழுசாகப் புரிந்தது.

பவர் பிரஸ்ஸில் வலது கை இரண்டு விரல் நுனி போய்விட்டது. உடனே கம்பெனி வண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அதில் குறை சொல்ல முடியாது, முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். ஆனால் மறுநாள் சூப்பர்வைசர் அந்தத் தம்பியின் அப்பாவிடம் சொன்னது இது: "செலவெல்லாம் முதலாளி பாத்துக்குவாருங்க. இ.எஸ்.ஐ.க்கு எழுதினா வீணா கேஸ் ஆயிரும், பையனுக்குத்தான் அலைச்சல்." இ.எஸ்.ஐ. என்பது நாமும் முதலாளியும் சந்தா கட்டும் அரசுத் தொழிலாளர் காப்பீடு. அவர் சொன்னது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வீட்டில் இருப்பவர்களும் முதலாளி நல்லவர் என்று நம்பிவிடுவார்கள்.

எங்களோடு வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஒரு சங்கத்து அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "விபத்துப் பதிவேட்டுல எழுதியாச்சுங்களா?" எழுதவில்லை. அவர் விடவில்லை. பதிவேட்டில் ஏற்றி, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை அனுப்பவைத்த பிறகுதான் நகர்ந்தார்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? வேலை விபத்துக்கு இ.எஸ்.ஐ.யில் எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுக்கும் காலம் முழுக்கச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். காயம் ஆறியபின் நிரந்தர ஊனம் இருந்தால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும். அந்த அளவுக்கு ஆயுள் முழுக்க மாதத் தொகை வரும். கம்பெனி ஆஸ்பத்திரி பில் கட்டுவதோடு முடிந்திருந்தால், அந்தத் தம்பிக்கு இருபத்து நாலு வயதில் ஒரு ரசீது மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இப்போது வவுச்சருக்கு வருகிறேன். இந்தத் தொகையெல்லாம் கணக்கிடப்படுவது பதிவில் காட்டிய சம்பளத்தை வைத்துத்தான். அப்போதைய விதிப்படி இ.எஸ்.ஐ. சந்தாவுக்கு ஓ.டி. பணமும் சேர வேண்டியிருந்தது. அதை வவுச்சரில் கொடுத்ததால் சந்தாவில் வரவில்லை. அந்தத் தம்பி மாதம் சம்பாதித்தது ஒன்று, இ.எஸ்.ஐ.யின் கண்ணுக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவு. அந்தக் குறைவு அவனுடைய மாதத் தொகையில் வாழ்நாள் முழுக்க இருக்கும். வாரம் சில நூறு ரூபாய் கையில் வருகிறதே என்று நினைக்கும் எல்லோருக்கும் நான் இதைச் சொல்கிறேன். ஓ.டி.யைச் சீட்டில் போடச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் செக்‌ஷனில் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை மாத்திரை வாங்கும் இடமாக மட்டும் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நம் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். 2019 ஜூலை முதல் இந்த விகிதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உண்டு. சம்பளம் நடுவில் அந்த வரம்பைத் தாண்டினாலும் அந்தச் சந்தாக் காலம் முடியும் வரை தொடரும். உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். அதற்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நம்மில் பலர் டைபாய்டு, டெங்கு என்று இரண்டு வாரம் படுத்துவிட்டு, தனியார் டாக்டரிடம் காட்டி, சம்பளமும் போய், கடனோடு திரும்பி வருகிறோம். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி விடுப்புச் சான்று வாங்கினால்தான் இந்தப் பணம் வரும். வெளியில் வாங்கிய சீட்டைப் பிறகு கொண்டுபோய்க் கொடுத்துச் சரிசெய்வது பெரும்பாடு. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும், அதை மறைக்கவில்லை. இருந்தாலும் அது நம் சம்பளத்தில் ஓடுகிற ஆஸ்பத்திரி.

பேக்கிங்கில் ஓர் அக்கா கர்ப்பமானபோது, "எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, குழந்தை பிறந்தப்பறம் திரும்பச் சேர்ந்துக்கலாம்" என்றார்கள். இது பரிவாகச் சொல்கிற மாதிரி இருக்கும். உண்மையில் பழைய சேவையைத் துடைத்துவிடும் வழி. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.யே தருகிறது. அந்த விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்கவும் கூடாது. அந்த அக்கா எழுதிக் கொடுக்கவில்லை. விடுப்பு எடுத்தார், திரும்பி வந்தார், அவர் சேவை அறுபடாமல் தொடர்ந்தது.

பி.எஃப். பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. நம் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். முதலாளி பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், 3.67 சதவீதம்தான் நம் பி.எஃப். கணக்கில் சேரும். பாஸ்புக்கில் முதலாளி பங்கு குறைவாகத் தெரிகிறதே என்று பதறுபவர்களுக்குக் காரணம் இதுதான். எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் மாறாத உங்கள் 12 இலக்க பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.-ஐ வாங்கி, அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு அங்கே கட்டாமல் விட்ட மாதங்களை எங்கள் செக்‌ஷனில் ஒருவர் இப்படித்தான் கண்டுபிடித்தார். ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் வேலை வாங்கும் கம்பெனிக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

வாரிசு நியமனத்தை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருந்தால், கல்யாணம் ஆனவுடன் பி.எஃப். விதிப்படி அந்த நியமனம் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால், பி.எஃப். பணத்தோடு வைப்புத்தொகைக் காப்பீடாக 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்கு வரும். மனைவிக்கு மாத ஓய்வூதியமும் உண்டு, ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலே போதும். எங்கள் பகுதியிலேயே கணவரை இழந்த ஒரு பெண் பி.எஃப். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்காமலே பல மாதம் இருந்தார். கம்பெனியில் யாரும் அதைச் சொல்லவில்லை.

இனி என் சொந்த விஷயம், பணிக்கொடை. 2019-ல் கம்பெனி பெயர்ப்பலகை மாறியது. முதலாளி அதே ஆள், கூரை அதே கூரை, நான் நின்ற மெஷின் அதே மெஷின். ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுப் புதுப் பெயரில் விண்ணப்பம் எழுதி வாங்கினார்கள். கூடவே பழைய கம்பெனியிலிருந்து விலகுவதாகத் தேதி போடாத ஒரு கடிதமும் கேட்டார்கள். நாங்கள் சிலர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. தேதி இல்லாத தாளிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சங்கத்து அண்ணன் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

2022-ல் நான் வேலையை விட்டபோது மேனேஜர் சொன்னார்: "தம்பி, நீங்க இந்தக் கம்பெனியில சேர்ந்து மூணு வருசம்தானே ஆச்சு. கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருசம் வேணும்ல." சண்டை போடுவதால் பயனில்லை. அண்ணனிடம் போனேன். "வாயில சொல்லாதீங்க தம்பி, எழுதிக் குடுங்க. குடுத்ததுக்கு ஆதாரம் வெச்சுக்கங்க" என்றார்.

நான் கேட்டது பெரிய தொகை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கு இதுதான்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்க வேண்டும். அது ஒரு வருடச் சேவைக்கு உரிய தொகை. இரண்டும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 500, வருடத்துக்கு 7,500. பத்து வருடச் சேவைக்கு 75,000. ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் மிச்சக் காலம் முழு வருடமாகக் கணக்கில் வரும். ஐந்தாவது வருடம் முழுசாக முடியாமல் நாலு வருடமும் 240 நாளும் வேலை செய்தவருக்கும் பணிக்கொடை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1990-களிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அடிபட்டு ஊனமானாலோ இறந்துபோனாலோ ஐந்து வருட நிபந்தனையே கிடையாது.

பெயர்ப்பலகை மாறினாலும் என் வேலை ஒருநாளும் அறுபடவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்கு என்னிடம் இருந்தவை: 2012-ல் சேர்ந்த தேதியோடு இருந்த இ.எஸ்.ஐ. பதிவு. ஒரே யு.ஏ.என். எண்ணின் கீழ் இரண்டு கம்பெனிப் பெயரிலும் மாதம் விடாமல் ஓடிய பி.எஃப். பாஸ்புக். சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் புத்தகம். பழைய, புதிய சம்பளச் சீட்டுகள். இவற்றில் கம்பெனி கையில் மட்டும் இருந்தது எதுவும் இல்லை. இதைத்தான் நான் மீண்டும் மீண்டும் சொல்கிறேன். கம்பெனியின் பதிவேட்டைக் கம்பெனி மாற்றலாம், இ.எஸ்.ஐ., பி.எஃப்., வங்கி மூன்றிடமும் உள்ள பதிவை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

பணிக்கொடை கேட்கும் விண்ணப்பமான படிவம் 1-ஐ எழுதி, நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினேன். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பதில் வரவில்லை. பிறகு தொழிலாளர் துறையில் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு கொடுத்தேன். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நாமே கொடுக்கலாம். தாமதம் ஆன காலத்துக்கு வட்டியும் கேட்கலாம். கம்பெனி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் உத்தரவான தொகை முழுவதையும் முதலில் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். தொழிலாளி பக்கம் நிற்கிற விதி இது. அதனால்தான் பல முதலாளிகள் உத்தரவு வரும் வரை காத்திருக்காமல் விசாரணையிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். என் விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. ஆவணங்களைப் பார்த்ததும் மூன்று வருடம் என்ற பேச்சு நின்றுவிட்டது, பத்து வருடத்துக்கும் கொடுத்தார்கள்.

என்னோடு விலகிய இரண்டு பேர், "எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொஞ்சம் பணம் வாங்கியிருந்தார்கள். அதோடு எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். போகவில்லை. பணிக்கொடை உரிமையை அப்படி ஒரு கையெழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாது, சட்டம் அதற்கு மேலே நிற்கிறது. வாதாட வேண்டிய வேலை கூடும், அவ்வளவுதான். ஒருவர் மனு கொடுத்து வாங்கினார். இன்னொருவர், "அந்த முதலாளி சோறு போட்டவர், அவர் மேல மனு போட மாட்டேன்" என்றார். அவர் மனசு அது, நான் வற்புறுத்தவில்லை. ஆனால் பணிக்கொடை என்பது ஏற்கெனவே உழைத்து முடித்ததற்கான கூலி, அதைக் கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது என்று மட்டும் சொன்னேன்.

போனஸ், விடுமுறை எல்லாம் அதிகம் தகராறு இல்லாதவை. போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அந்த வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உண்டு, தீபாவளிக்கு முன்பே நின்றுவிட்டவரும் கேட்கலாம். தமிழ்நாட்டில் 1958-ம் வருடச் சட்டப்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோடு ஐந்து பண்டிகை நாட்கள், ஆக வருடத்துக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. இன்னொரு தமிழ்நாட்டுச் சட்டம் 1981-ல் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. வருடக்கணக்காக "டெம்பரவரி" என்றே வைத்திருக்கிறார்களே, அவர்கள் தங்கள் வருகை நாட்களைத் தனியாக ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டியது இதற்காகத்தான்.

நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி பழைய சட்டங்கள் இருந்தபோது நடந்தது. 2025 நவம்பர் 21 முதல், மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தொழிற்சங்கங்கள் இவற்றில் பலவற்றை எதிர்க்கின்றன. வேலைநிறுத்தத்துக்கும் ஆட்குறைப்புக்கும் வந்திருக்கும் விதிகளைப் பார்த்தால் அந்த எதிர்ப்பு நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் நமக்குப் பயன்படும் சில விதிகளும் உள்ளே இருக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் படிகளாகக் காட்டினால், அந்த அதிகப்படியும் சம்பளமாகவே கணக்கில் சேரும். படிகளாகப் பிரித்துப் பணிக்கொடையைக் குறைக்கும் வித்தைக்கு இது ஒரு தடை. குறிப்பிட்ட காலத்துக்கென நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு, மற்றவர்களுக்குப் பழைய ஐந்து வருடம்தான். வேலையை விட்டவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. முன்பே வேலையில் இருந்து கடிதம் வாங்காதவர்களுக்கும் சட்டம் வந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால், சேர்ந்த தேதி, பதவி, சம்பளப் பிரிவுகள் மூன்றையும் குறிப்பிட்டுக் கடிதம் கேட்டு எழுதுங்கள். தேதி போடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, ரசீதையும் நகலையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அவர்கள் போடும் சேர்ந்த தேதி உங்கள் இ.எஸ்.ஐ. பதிவில் இருக்கும் தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.